கணவர் பெயர் என்றொரு கட்டம்

கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவர்கள் என்றால் போலீஸ்காரர், வாத்தியார், அப்புறம் எங்களைப் போன்ற கணக்கெடுப்பு ஆட்கள். முதல் இருவரிடம் பதில் சொல்லாதவருக்கு அடி விழும். எங்கள் தொழிலில் கேள்வி கேட்டவருக்கே விழும். வெயிலில் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாய் கட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தபடி தெருத் தெருவாக அலைந்தவர் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

இந்த முறை எடுத்தது பெண்கள் உடல்நல விவரம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் அங்கேதான் வேலை. பதில் சொல்வது அவரவர் விருப்பம், கட்டாயம் கிடையாது. விவரம் கொடுத்தவர்களுக்கு இலவச மருத்துவ முகாம் உண்டு. சொன்னது எதுவும் வெளியே போகாது என்று பயிற்சி வகுப்பில் அதிகாரி மைக்கில் உறுதி கொடுத்தார். அதை நான் நம்பினேன்.

துண்டுச் சீட்டு

பட்டாபிராமில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஐ.டி. தம்பதி. மனைவி உள்ளே ஏதோ மீட்டிங்கில் இருந்தாள். கணவர்தான் கதவைத் திறந்தார். போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால்தான் செயலி திறக்கும் என்றேன். அவ்வளவுதான், மனிதர் பாம்பைப் பார்த்தவர்போலப் பின்வாங்கினார். என் அடையாள அட்டையைப் படம் எடுத்தார். என்னையும் எடுத்தார். போன மாதம்தான் அவருடைய மாமனார் யாருக்கோ ஓ.டி.பி. சொல்லி ஏமாந்தாராம்.

நான் சளைக்கவில்லை. 'உங்கள் விவரங்கள் பாதுகாப்பாக வைக்கப்படும்' என்று அலுவலகத்தில் அச்சடித்துக் கொடுத்த துண்டுச் சீட்டை நீட்டினேன். வாங்கிப் படித்தார், தலையாட்டினார், அப்புறம் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஆபீசில் காகிதத்தை வீணாக்க மாட்டார்கள்; ஒரு பக்கம் அடித்த பழைய தாள்களின் மறுபக்கத்தில்தான் சீட்டு அடித்திருந்தார்கள். அவர் நிதானமாகக் கேட்டார்: "பாதுகாப்பா இருக்கும்னு போட்டிருக்கீங்க, சரிங்க மேடம். பின்னாடி பழனியம்மாள்னு ஒருத்தங்களோட ஆதார் ஜெராக்ஸ் இருக்குதுங்களே, அவங்க யாருங்க?"

ஏரிக்கரை

கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு தெருவுக்குள் நுழைந்தேன். நான் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கடைசி வீடு வரை செய்தி போய்விட்டது. ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு வாழ்கிறவர்கள் அவர்கள். கையில் போனும் கழுத்தில் அட்டையுமாக யார் வந்தாலும், பின்னாலேயே இடிக்கிற வண்டி வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சர்க்கரை இருக்கா, ரத்த அழுத்தம் இருக்கா என்று நான் கேட்க, ஒவ்வொரு வீட்டிலும் கரண்ட் பில்லை எடுத்து வந்து காட்டினார்கள்.

இது உடம்பு பற்றின கணக்கெடுப்பு, வீடு பற்றினது இல்லை, விருப்பம் இருந்தால் சொன்னால் போதும் என்று தொண்டை வறளச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, கேட்காததற்கெல்லாம் சேர்த்துப் பதில் சொன்னார். முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விருப்பம் இருந்தா சொல்லுன்னு நீ சொல்ற. விருப்பம் இல்லன்னு சொல்றவ ஊட்டுக்குத்தான் மொதல்ல வண்டி வரும்னு எங்களுக்குத் தெரியாதா இன்னா?"

செல்வி

பெயரை மாற்றியிருக்கிறேன். இந்த ஒரு பெயரையாவது ஒழுங்காகக் காப்பாற்றுகிறேனே.

சென்னீர்குப்பத்தில், ஒரு பழைய விவசாயக் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். துணி தைக்கிற கம்பெனியில் வேலை. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அதைக் காட்டத்தான், முகாம் உண்டு என்று கேள்விப்பட்டு அவளே என்னைக் கூப்பிட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. 'தந்தை / கணவர் பெயர்' என்ற கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அப்பா சின்ன வயதிலேயே விட்டுப் போனவர், பெயர்கூடச் சரியாகத் தெரியாதாம். கட்டம் காலியாக இருந்தால் செயலி அடுத்த பக்கத்துக்கு நகராது. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன், ஒரு கோடு போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. மேற்பார்வையாளருக்குப் போன் போட்டால், ஆதாரில் உள்ளபடியே போடச் சொன்னார். ஆதாரில் கணவர் பெயர் இருந்தது. அவள் மெல்ல அதைச் சொன்னாள். அவன் சுடுதண்ணீர் ஊற்றின தழும்பு முழங்கைக்கு மேல் இருந்தது, அதையும் காட்டினாள். 'தனியாக வசிக்கிறீர்களா' என்ற அடுத்த கேள்விக்கு ஆமாம் என்றாள். நான் எழுந்தபோது வாசல் வரை வந்தாள். "அக்கா, அந்தாளு என்ன இன்னும் தேடிகினுதான் கீறான். கட்டிய காட்டணும்னுதான் சொன்னேன். இது வெளிய மட்டும் போவாம பாத்துக்கக்கா."

நடைமுறை

சில வாரம் கழித்து ரேஷன் கடைச் சுவரில் பத்துப் பன்னிரண்டு தாள்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வாக்காளர் வரைவுப் பட்டியல் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனால், என் தெருக்கள். நான் கேட்ட பெண்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தெரு, தனியாக வசிப்பவரா, நோய். பக்கத்தில் இடம் பற்றாமல் கதவு எண் மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. பெண்களின் போன் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்துக்குப் நட்சத்திரக்குறி போட்டு மறைத்திருந்தார்கள். எங்கள் ஆபீஸ் எடுத்த பாதுகாப்பு அவ்வளவுதான். தாளின் அடியில் களப்பணியாளர் என்று என் பெயரும், முழு எண்ணும்.

நேரே ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்த எழுத்தர் கெட்டவர் இல்லை. எனக்கு டீ சொன்னார். எந்தப் பட்டியல் தயாரானாலும் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, அதற்குப் பிறகுதான் இறுதி செய்வார்களாம். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அப்படித்தான். ஒருத்திக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதில் தெருவில் யாருக்கு என்ன ஆட்சேபணை வரும் என்று கேட்டேன். சிரித்தார். ஒரு பெயரையாவது உடனே எடுங்கள், உயிர் போகிற விஷயம் என்று கிட்டத்தட்ட அழுதேன். அவர் இரக்கத்தோடு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தம்மாவையே ஒரு ஆட்சேபணை மனு குடுக்கச் சொல்லும்மா. பேரு, விலாசம், போன் நம்பர், எதுக்காகன்னு காரணம், எல்லாம் தெளிவா இருக்கட்டும், மனுவையும் ஒட்டணும்ல."

சாவி

டீயை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பவும் ரேஷன் கடைக்கு வந்தேன். அரிசிக்கு நின்ற வரிசை மொத்தமும் பார்க்க, வீட்டுச் சாவியால் செல்வியின் வரியைச் சுரண்டினேன். மைதா பசை, லேசில் வரவில்லை. விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். அரசாங்கத் தாளைக் கிழிக்கிறேன் என்று யாராவது சத்தம் போடுவார்கள் என்று பயந்தேன். யாரும் போடவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, பாவம் என்பதுபோல என்னைப் பார்த்தார். "இத்த சுரண்டி இன்னாம்மா பண்ணப் போற? நேத்தே நம்ம ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல வந்துட்ச்சே."

ஒரு போன்

அன்று மத்தியானமே, தெரியாத எண். மேடம் மேடம் என்று அத்தனை மரியாதை. தன் வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு வந்துவிட்டாளாம், பிள்ளைகள் அழுகிறார்களாம், சென்னீர்குப்பத்தில் எந்த வீடு என்று மட்டும் சொன்னால் போதுமாம். செல்விக்குப் பிள்ளையே கிடையாது. அங்கேயே ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். நினைவில்லை என்றேன். அந்த விவரமெல்லாம் சொல்லக்கூடாது, ரகசியம் என்றேன். ரகசியம் என்று சொல்லும்போது எனக்கே கூசியது.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சின்னதாகச் சிரித்தான். "லிஸ்ட்ல கணவர்னு என் பேரு போட்டு கீது மேடம். என்ன ஒரு வார்த்த கேக்காமயே என் பேர போட்டுகினீங்க, நான் எதுனா கேட்டேனா? இப்ப நான் அட்ரஸ் கேட்டா மட்டும் ரகசியமா?"

கம்பெனி வேன்

செல்விக்குப் போட்ட போனெல்லாம் அடித்து அடித்து நின்றது. வேலை நேரத்தில் கம்பெனியில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வேன் வந்து நிற்கிற இடத்துக்கே போய் நெடுஞ்சாலையோரம் காத்திருந்தேன். அவன் முகம் எனக்குத் தெரியாது. அதனால் அங்கே நின்ற ஆம்பளை எல்லோருமே அவனாகத் தெரிந்தார்கள். பைக்கில் சாய்ந்து போன் பார்த்தவன், டீ குடித்தவன், பேரம் பேசிக் கொய்யாப்பழம் வாங்கியவன். ஒருவன் என் அடையாள அட்டையை உற்றுப் பார்த்தான். சட்டென்று கழற்றிக் கைப்பைக்குள் திணித்தேன்.

வேன் வந்ததும் அவளை இறங்கவிடாமல் நானே ஏறிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை. துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பூந்தமல்லி வரை விட்டுவிடும்படி டிரைவரிடம் கேட்டாள். அறையில் துணிமணி, அடுப்பு, கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் அப்படியே கிடந்தன. கையில் சாப்பாட்டுப் பை மட்டும். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் புறப்படத் தயாராக இருந்த ஒரு பஸ்ஸில் ஏறினாள். எந்த ஊர் பஸ் என்று நான் வேண்டுமென்றே பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கழுத்துக் கட்டி என் கண்ணிலேயே நின்றது. முகாமில் பார்க்க முடியாவிட்டாலும் வேறு ஆஸ்பத்திரியில் சொல்லி ஏற்பாடு செய்கிறேன், புது நம்பர் வாங்கினால் எனக்கு மட்டும் கொடு என்று ஜன்னலோரம் நின்று கெஞ்சினேன். அவள் கம்பி வழியாக என் கையைத் தொட்டாள். "வேணாங்க்கா. உம்மேல கோவம் இல்ல. உனக்குத் தெரிஞ்சா அது ஆபீசுக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரிஞ்சா செவுத்துக்குத் தெரியும்."

இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன், 'சொன்னது வெளியே போகாது' என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் கணக்கெடுப்பு என்று யாராவது என் வீட்டுக்கு வந்தால் மட்டும், இங்கே யாரும் இல்லை என்று உள்ளேயிருந்து நானே பதில் சொல்லிவிடுகிறேன்.