அவர் என் பிரதர் இல்லை

சேவல் கூவினால்தான் கணக்கு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த கதை அப்படி. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனபோது, அந்த ஆளை யாரென்றே தெரியாது என்று அவருடைய சீடன் மூன்று முறை சாதித்தான். சேவல் கூவியது. அவன் வெளியே போய் அழுதான். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: தப்பு செய்தால் மேலிருந்து தகவல் வரும்; வரும்வரை நாம் நல்லவர்கள். தாம்பரத்தில் நான் அதே தப்பைச் செய்தபோது மத்தியானம் மூன்றரை மணி. ஸ்டேஷனுக்கு வெளியே கோழிக்கடைக் கூண்டில் இருந்ததெல்லாம் பிராய்லர். அது கூவாது. அதற்கு நான் என்ன செய்ய?

எண்பதுகளின் கடைசி. எனக்கு வயது இருபத்தைந்து. குரோம்பேட்டையில் வீடு, மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. எங்கள் சபையில் ஞாயிறு மத்தியானம் இரண்டிரண்டு பேராக ரயிலில் போய், ஆண்டவர் வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுக்க வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்று பாஸ்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்கு விழுந்தவர் பம்மலில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எந்தச் சோப்புப் போட்டாலும் அந்த மருந்தில் நகக்கண் நீலமாகவே இருக்கும். வாசனையும் போகாது. "இவர்கூட வண்டியில் போனால் உட்கார இடம் நிச்சயம்" என்று சபையில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அவரும்தான் சிரித்தார்.

எங்கள் சபையில் யாருக்கும் பெயர் கிடையாது. ஆண் என்றால் பிரதர், பெண் என்றால் சிஸ்டர். வாங்க பிரதர், உக்காருங்க பிரதர், கொஞ்சம் நகருங்க பிரதர். வாக்கியம் முடிந்தால் ஒரு ஸ்தோத்திரம். ஒரு நாளைக்கு அவரை நூறு தடவையாவது பிரதர் என்று கூப்பிட்டிருப்பேன். அது செலவில்லாத உறவு.

அன்று தாம்பரம் பிளாட்பாரத்துக் கடையில் அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கணவனோடும் தூங்குகிற குழந்தையோடும் மூட்டைகளோடும் நின்ற ஓர் அம்மாளிடம் அவர் ஒரு கைப்பிரதியை நீட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்த நிமிடம் அந்த அம்மாள் அலறினாள்.

"ஐயோ, என் பையக் காணோம்! இப்பதான் இவன் பக்கத்துல வந்து பேப்பர் குடுத்தான்!"

நீல நகத்தைப் பார்த்தார்கள், வாசனையைப் பிடித்தார்கள், விசாரணை முடிந்தது. முதல் அறை இடது காதில் விழுந்தது. பிறகு வரிசை. சிலர் எதற்கு அடிக்கிறோம் என்பதை அடித்துவிட்டுத்தான் கேட்டார்கள். ஒருவர் குடையை மடக்கி, பழுதாகாமல் அடித்தார்.

நான் நாலு எட்டு தள்ளி நின்றேன். என் தைரியத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். அந்த நேரத்திலும் வேகமாகச் செயல்பட்டேன். கையிலிருந்த கைப்பிரதிக் கட்டைக் கீழே போட்டு, பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளினேன். ஒரே ஒரு தாள் மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டது.

குடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், இவன் உங்ககூட வந்தவனா?"

"இல்லீங்க."

அம்மாள் என் கையைப் பார்த்தாள். "அதே பேப்பர் வச்சிருக்கீங்களே?"

"அவர்தாங்க குடுத்தாரு. நான் இன்னும் படிக்கல."

மூன்றாவது, டீக்கடைக்காரர். கடையை விட்டு இறங்கியே வந்தார். "இன்னா சார், இப்பதானே ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிச்சீங்கோ? வார்த்தைக்கு வார்த்தை பிரதர் பிரதர்னுகினு இருந்தே. உன் பிரதரா?"

"எனக்குக் கூடப் பொறந்தது ஒரே ஒரு அக்காதாங்க," என்றேன். "ஸ்தோத்திரம்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

தரையில் கிடந்த அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை.

குழந்தை விழித்ததும் தோள் மாற்றினார்கள். அப்பன்காரன் தோளில், குழந்தைக்கு அடியில், பை தொங்கிக்கொண்டிருந்தது. "அட, இங்கதான் கீது" என்றார் யாரோ. கூட்டம் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்தது. வந்து நின்ற வண்டியில் நான் ஏறிவிட்டேன். அது செங்கல்பட்டு வண்டி. என் வீட்டுக்கு நேர் எதிர்த்திசை.

அடுத்த ஞாயிறு அவர் சபைக்கு வரவில்லை. நான் எழுந்து நின்று, "நம்ம பிரதருக்கு ஸ்டேஷன்ல ஒரு சோதனை, எல்லாரும் ஜெபிக்கணும்" என்றேன். பிறருக்காக எனக்கிருந்த பாரத்தைப் பாஸ்டர் மெச்சினார். நானும் வீட்டில் முழங்கால் போட்டேன். அவர் குணமாக வேண்டும் ஆண்டவரே, ஆனால் நிதானமாக.

மூன்றாவது ஞாயிறு காதில் பஞ்சோடு வந்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். "பிரதர், நம்ம வூட்ல இன்னிக்கு மீன் கொழம்பு. சாப்ட வா."

மீன் என்றதும் எனக்குப் பகீரென்றது. அந்தச் சீடன் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. மறுதலித்தவனை ஆண்டவர் கரையில் உட்காரவைத்து மீன் சுட்டுக் கொடுக்கிறார். என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். பிறகு பழைய வேலையையே திரும்பக் கொடுக்கிறார். சரி, அதையேதான் செய்யப் போகிறார் என்று மூன்று பதில்களைத் தயார்செய்துகொண்டு பம்மலுக்குப் போனேன். அவர் மூன்று முறை கேட்டது, குழம்பு போதுமா என்று.

கேட்க வேண்டியதைக் கேட்டது அவர் மனைவி. "தம்பி, எப்பவும் ஒண்ணாத்தானே போவீங்க? அன்னிக்கு இவர அந்த அடி அடிக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

நான் சங்கரா மீனில் முள் தேட ஆரம்பித்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவரு வரல. அன்னிக்கு நான் தனியாத்தான் இருந்தேன்."

அவர் மனைவி எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

அதற்குமேல் தாங்கவில்லை. அவரோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது கொட்டிவிட்டேன். பெஞ்சுக்கு அடியில் தள்ளியது, மூன்று பேரிடம் சொன்ன பொய், செங்கல்பட்டு வண்டி, நிதானமாகக் குணமாக வேண்டும் என்று ஜெபித்தது, தோல் வாசனை ஜோக் எல்லாம். மூக்கு ஒழுக அழுதேன். அவர் தன்பாட்டில் நடந்தார். எப்பேர்ப்பட்ட மன்னிப்பு என்று உருகினேன். ஸ்டாப் வந்ததும் திரும்பினார்.

"இன்னா பிரதர், எதுனா சொன்னியா? அந்தக் காது அவுட்டு. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

வலது பக்கம் போனேன். வாயைத் திறந்தேன். "குழம்பு நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்."

"அதுக்கா அழுவுறே? மொளகா ஜாஸ்தியா?"

வழக்கமான ஞாயிற்று வேலைக்குப் பஸ்ஸில் போய்த் தாம்பரத்தில் இறங்கினோம். அதே பிளாட்பாரம். டீக்கடைக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு என்னை. "இன்னா சார், மறுபடியும் ஒண்ணா வந்துகினு கீறீங்கோ. அன்னிக்கு இல்லேன்னியே?"

ஓடுவதற்கு அன்றும் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. எந்தத் திசை என்றுகூடப் பார்த்து வைத்தேன். அப்புறம், பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்: "ஆமா! இவர் என் பிரதர்தான்! அன்னிக்குப் பொய் சொன்னேன்!"

"ஏன் கத்துறே பிரதர்?" என்றார் அவர். "இந்தக் காது நல்லாத்தான் கேக்குது. அன்னிக்கு நீ இல்லேன்னதும் இதுல நல்லாக் கேட்டுச்சு."

பைக்குள் கையை விட்டு ஒரு கைப்பிரதிக் கட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பெஞ்சுக்கு அடியில் தள்ளிய கட்டு. மேல் தாளில் என் செருப்புத் தடம் இருந்தது. என் வீட்டுத் திசையில் போகிற பீச் வண்டி வந்தது. ஏறினோம். அந்தத் தாளை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. மீதியைக் கொடுத்து முடித்தேன்.