நாலாவது கோப்பை

அலுவலகத்தில் அவளுக்கு மூக்கு என்று பெயர். நேரில் பேசும்போது மரியாதைக்கு மூக்கம்மா. முதலில் கோபம் வந்தது. பார்ப்பதற்குச் சப்பை மூக்கு, இருக்கிற இடம் தெரியாது. பிறகு பழகிப்போயிற்று. சம்பளமே அதற்குத்தான் என்கிறபோது ரோஷப்பட்டு என்ன ஆகப்போகிறது.

வந்தது தட்டச்சு வேலைக்கு. தோட்டக்காரர்களிடம் ஒயின் வாங்கி, தரம் பிரித்து, புட்டியில் அடைத்து விற்கிற கம்பெனி. சுவைக்கும் மேசையில் மூன்று பேர் இருக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் சண்டை வரும், முடிவு வராது. மூன்றாவது ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாளில், எழுந்து வரக்கூடியவளாக அவள்தான் அகப்பட்டாள். "பிடிச்சிருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு, போதும்" என்றார் மேசைத் தலைவர். அவள் ஒரு கோப்பையை முகர்ந்துவிட்டு, "ஈரத்துணியைப் பெட்டிக்குள்ள வச்சு மறந்த மாதிரி இருக்கு" என்றாள். தலைவருக்கும், மேசையின் இரண்டாவது ஆளான கெமிஸ்டுக்கும் அப்படி எதுவும் தெரியவில்லை. விசாரித்ததில், தன் நிலவறைச் சுவர் ஒழுகுவதையும் பீப்பாய்களில் பூஞ்சை பிடித்திருப்பதையும் தோட்டக்காரர் ஒப்புக்கொண்டார். பூஞ்சை வாடை சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தலைகீழாக நின்றாலும் தெரியாது. தலைவரும் கெமிஸ்டும் இரண்டாவது வகை. அதை அவர்கள் மறைத்ததில்லை. அன்றிலிருந்து பூஞ்சை விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒயினைப் பற்றி அவளுக்குப் புத்தகச் சொற்கள் வரவில்லை. தனக்குத் தோன்றியதைச் சொன்னாள். ஒரு வெள்ளை ஒயின், ஓடையில் எடுத்த கூழாங்கல்லை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. ஒரு சிவப்பு, பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள்: பென்சில் சீவல், புதுத் தோல்பை, எங்கோ ஒரு நாவல்பழம், கடைசியில் ஈறைப் பிடித்துக்கொள்ளும் துவர்ப்பு. இன்னொன்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. நடுவில் விருந்தாளி சட்டென்று எழுந்து போன மாதிரி வாய் காலியாகிவிட்டது. தலைவர் சிரிக்காமல் எழுதிக்கொள்வார். டயர் கடையில் வேலை செய்யும் கணவன்தான் சிரிப்பான். "கொடுக்கறதையெல்லாம் துப்பிட்டு வர்றதுக்குச் சம்பளம். நான் துப்பினா கடையை விட்டே தொரத்திடுவாங்க."

அவளுக்கு அந்த மேசை பிடித்திருந்தது. காலை வெளிச்சம், வெள்ளை விரிப்பு, யாரும் பேசாத அரை மணி நேரம். வீட்டில் அப்படி ஓர் அரை மணி நேரம் கிடைத்ததில்லை.

மேசைக்கு இரண்டு சட்டங்கள். கோப்பைகள் அவரவருடையவை, ஆளுக்கு ஆறு. அடிக்காம்பில் நூல் கட்டியிருக்கும். அவளுடையது பச்சை. இன்னொருவர் தொடக்கூடாது, சோப்புப் போடக்கூடாது, வெந்நீரில் மட்டும் கழுவ வேண்டும். முதல் ஒயின் முதல் கோப்பையில், நாலாவது நாலாவதில். திரும்ப ஊற்றினாலும் அதே கோப்பையில்தான் ஊற்றுவார்கள், மாறிப்போகாமல் இருக்க. இரண்டாவது சட்டம்: புட்டிகள் துணி சுற்றி எண்ணோடு வரும். யாருடையது என்று தெரியாது. தெரிந்துவிட்டால், அதுவும் உறவுக்காரருடையது என்றால், எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

அன்று காலை நாலாவது கோப்பையை மூக்கருகில் கொண்டுபோனதுமே நனைந்த அட்டைப்பெட்டி. சந்தேகமே இல்லை. பூஞ்சை. ஒரு மிடறு வாயில் வைத்துச் சுழற்றினாள். அந்த வாடைக்கு அடியில், போர்வைக்குள் இருந்து யாரோ முகத்தைக் காட்டுவது போல, தெரிந்த ஒன்று இருந்தது. பச்சை ஆப்பிள் தோல், கசங்கிய எலுமிச்சை இலை.

அக்கா வீட்டு ஒயின்.

அத்தான் நில அளவை உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஒரு சரிவையும் அதிலிருந்த திராட்சைக் கொடிகளையும் வாங்கிப் போட்டவர். இதுதான் அவருடைய முதல் விளைச்சல். அவளுக்கு ஒரு டீ கப்பில் ஊற்றிக் கொடுத்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே விற்கப் போகிறார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த ஒயின் போகாவிட்டால் சரிவு போய்விடும் என்று மட்டும் அக்கா அடுப்படியில் சொல்லியிருந்தாள்.

எழுந்திருக்க வேண்டும். கால் எழவில்லை. எழுந்தால் மீதி இருக்கும் இருவருக்கும் பூஞ்சை தெரியாது. கெட்ட ஒயின் நல்ல ஒயினாகப் புட்டிக்குள் போகும். வேண்டியவர்களுக்காக மூக்கை மூடிக்கொண்டாள் என்று ஆகும். துப்பினாள். வாயைத் துடைத்தாள்.

"நாலுல பூஞ்சை."

தலைவரின் முகம் வாடியது. "எனக்கு நல்லாவே பட்டுச்சேம்மா. முதல் தரம் போடலாம்னு பேனாவை எடுத்துட்டேன்."

"தக்கையில இருக்கும் சார். இன்னொரு புட்டி திறந்து பாப்போம்" என்றான் கெமிஸ்ட்.

திறந்தார்கள். அவளுடைய நாலாவது கோப்பையில் ஊற்றினார்கள். அதே அட்டைப்பெட்டி. தலையசைத்தாள். இரண்டு புட்டியிலும் இருந்தால் தக்கை காரணமல்ல, சரக்கே கெட்டது. கம்பெனித் தொட்டியில் இறக்கி வைத்திருக்கும் அத்தனையும் வினிகர் ஆலைக்குப் போக வேண்டியதுதான். அறுவடை நேரம், வாசலில் அடுத்த தோட்டக்காரரின் லாரி நின்றுகொண்டிருந்தது. தொட்டி சாயங்காலத்துக்குள் காலியாக வேண்டும்.

நேர்மையாக நடந்துகொண்டோம் என்று ஒரு நிமிர்வு அவளுக்கு இருந்தது. கழுவும் அறைக்குப் போகும்வரை இருந்தது.

வெந்நீரைத் திறந்து ஒவ்வொரு கோப்பையாகக் காட்டினாள். நாலாவதில் நீர் விழுந்து ஆவி எழுந்தது. ஆவியில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. நீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். ஒயின் ஒரு சொட்டுக்கூட இல்லாத கோப்பையிலிருந்து அதே வாடை வந்தது.

முந்தின நாள் மாலை பழைய நாலாவது கோப்பை கைதவறி உடைந்திருந்தது. ஸ்டோரில் ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். புதுக் கோப்பையைச் சில நாள் காற்றாட விட வேண்டும். ஹீட்டர் வேறு ஓடவில்லை. பச்சைத் தண்ணீரில் அலசி, முகர்ந்து பார்த்து, ஒன்றும் தெரியாததால் நூலைக் கட்டிக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டாள். பெட்டிக்குள் கிடந்து வாங்கிய வாடை, ஒயின் பட்டதும் கிளம்பியிருக்கிறது.

கோப்பையை மீண்டும் மீண்டும் முகர்ந்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள். கெமிஸ்டும் அங்கே இருந்தான்.

"சார், வாடை இந்த கிளாஸ்ல. ஒயின்ல இல்ல."

தலைவர் முகர்ந்தார். கெமிஸ்டிடம் நீட்டினார்.

"கண்ணாடி வாடைதான் வருது" என்றான் அவன்.

"கண்ணாடிக்கு ஏதுய்யா வாடை" என்றார் தலைவர். அவளைப் பார்த்தார். "எனக்குத் தெரியலை. நீ சொன்னா சரி. இன்னொரு தடவை ஊத்திப் பாத்துடலாம்."

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் எல்லாம் நல்லபடியாக முடியும். ஆனால் அந்த ஒயினுக்கு இன்னொரு தடவை தீர்ப்புச் சொல்லப் போகிறவள் அவள்தான்.

"இன்னொண்ணும் இருக்கு சார். அது எங்க அக்கா வீட்டு ஒயின்."

தலைவர் பேனாவை மூடினார். "எப்போ தெரியும்?"

"வாயில வச்சதும்."

"ஏன் எந்திரிக்கலை?"

"எந்திரிச்சிருந்தா நீங்க ரெண்டு பேரும் பாஸ் பண்ணியிருப்பீங்க."

கெமிஸ்ட் சிரிக்க ஆரம்பித்து, தலைவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"காலைல அக்கா வீட்டு ஒயின்னு தெரிஞ்சும் வேணாம்னே. மத்தியானம் அக்கா வீட்டு ஒயின்னு சொல்லிட்டு வேணுங்கறே. அந்த வாடை இந்தக் கட்டடத்துலயே உனக்கு மட்டும்தான் தெரியும். நான் என்னத்த நம்பறது?"

வெளியே வினிகர் ஆலையின் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

கெமிஸ்ட்தான் தொண்டையைக் கனைத்தான். "கண்ணைக் கட்டிப் பாப்போமே சார். நூலை அவுத்துட்டு, இந்த கிளாஸை வேற நாலு கிளாஸோட கலந்து வைப்போம். வேற ஏதாவது ஒயினை ஊத்துவோம். கண்டுபிடிக்கட்டும்."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"லாரிக்குக் கதவைத் திறந்துவிடலாம்."

கைக்குட்டையால் கண்ணைக் கட்டினார்கள். கோப்பைகள் மேசையில் உரசும் சத்தம், ஊற்றும் சத்தம். முதல் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். முகர்ந்தாள். மலிவான வெள்ளை ஒயின், அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதேதான். ஐந்தும் ஒன்றுபோல் இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூஞ்சை வாடையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். கழுவும் அறையில் நின்று, உறுதிப்படுத்திக்கொள்கிறேன் என்று, அவளே தன் மூக்கைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறாள். கண்கட்டுக்குள் வியர்த்தது.

"என்னம்மா?" என்றார் தலைவர்.

"கொஞ்ச நேரம் குடுங்க."

"லாரிக்காரன் கத்தறான்."

"கத்தட்டும் சார்."

மூக்கு தெளியட்டும் என்று முழங்கையை மடக்கி அதற்குள் முகத்தைப் புதைத்து, தன் தோலின் வாடையை மட்டும் இழுத்தாள். சேலையின் நூல், வியர்வை. அங்கேயே இருந்தாள். அத்தான் டீ கப்பை நீட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அதை விலக்கினாள். அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஹாரன் மறுபடி அடித்தது.

கையை நீட்டினாள். முதல் கோப்பையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதை உள்ளங்கையால் மூடிச் சூடேற்றி, கையை எடுத்தாள். மெல்ல, ஒரு வீட்டின் பின்பக்கக் கதவைத் திறந்தது போல, அட்டைப்பெட்டி.

"இது."

கோப்பைகளை மாற்றி அடுக்கினார்கள். இந்தத் தடவை கடைசியில் இருந்தது. சொன்னாள். மறுபடி மாற்றினார்கள். ஐந்தையும் முகர்ந்தாள். முழங்கைக்குள் போய்த் திரும்பி வந்து ஐந்தையும் மறுபடி முகர்ந்தாள்.

"இதுல இல்ல. எடுத்துட்டீங்க."

கெமிஸ்ட் மூச்சை வெளியே விட்டான். "கட்டை அவுத்துடுங்க சார், பாவம்" என்றான். அந்தக் கோப்பை அவன் கையில் இருந்தது.

தலைவர் தன்னுடைய கோப்பை ஒன்றை எடுத்து, காலையில் திறந்த இரண்டாவது புட்டியிலிருந்து ஊற்றி அவள் முன்னால் வைத்தார். மேசையில் கோப்பை கைமாறி அவள் பார்த்ததில்லை.

"சொல்லு."

"நானா?"

"வேற யாருக்குத் தெரியும் பூஞ்சை?"

முகர்ந்தாள். பச்சை ஆப்பிள் தோல், எலுமிச்சை இலை, வெயில் பட்ட சுண்ணாம்புச் சுவர். போர்வை விலகிவிட்டது. வாயில் வைத்தாள். முன்பக்கம் துள்ளலாக இருந்தது. நடுநாக்கில் வரவேண்டிய சதை வரவில்லை. புளிப்பு மட்டும் தனியாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தது. டீ கப்பில் குடித்தபோது இது அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை.

துப்பினாள். "சுத்தமா இருக்கு. பூஞ்சை இல்ல."

தலைவர் பேனாவைத் திறந்தார். "முதல் தரம்."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாந்தரம் சார். பழம் கனியறதுக்கு முன்னாடியே பறிச்சிருக்காங்க."

"நாங்க ரெண்டு பேரும் முதல் தரம்னுதான் நினைச்சோம்."

"சொல்லுன்னீங்க, சொன்னேன்."

தலைவர் அவள் சொன்னபடியே எழுதினார். கெமிஸ்ட் லாரியைத் திருப்பி அனுப்ப வெளியே போனான்.

"எந்திரிக்காம உக்காந்திருந்தே பாரு, அதை நான் விட முடியாது" என்றார் தலைவர், எழுதியதைப் பார்த்துக்கொண்டே. "நாளைலேர்ந்து டைப் ரூமுக்குப் போயிடு."

"சரி சார்."

"பூஞ்சைக்கு என்ன பண்ணப்போறேன்னு எனக்கே தெரியலை."

கோப்பையைக் கழுவி அவருடைய கம்பியில் தொங்கவிட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை, தட்டச்சு அறையில் அவளுடைய பழைய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் ஒரு முக்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்த சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. அக்கா.

"எடுத்துக்கிட்டாங்களாம்டி. இவருக்கு இப்பத்தான் ஃபோன் வந்துச்சு. ஆனா ரெண்டாந்தரமாம். நீ அங்க இருந்தும் ரெண்டாந்தரமா?"

"எடுத்துக்கிட்டாங்கல்ல."

"எடுத்துக்கிட்டாங்க. இந்த வருஷத்துக்குச் சரிவு நிக்கும். இருந்தாலும் இவருக்கு மனசே இல்ல. எவன் நாக்கு செத்தவன் ருசி பாத்தான்னு கேக்கறாரு." பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "என்ன குத்தம்னு கேளு அவகிட்ட. பீப்பாயிலயா, தண்ணியிலயா?"

"பீப்பாய்ல ஒண்ணும் இல்லக்கா" என்றாள் அவள். "நல்ல வாசனை. எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி. ஆனா நடுவுல ஒண்ணுமே இல்ல. கொடியிலயே இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கணும். சீக்கிரம் பறிச்சிட்டீங்க."



"தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அக்கா. குரல் திரும்பியது, இப்போது அவளிடம் இல்லை. "கேட்டீங்களா? மழை வந்துடும் மழை வந்துடும்னு பறக்கப் பறக்கப் பறிச்சீங்களே, வந்துச்சா மழை?"

அத்தான் என்னவோ சொன்னார். அக்கா அதற்குப் பதில் சொன்னாள். தட்டச்சுப் பெண் ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டு, தொலைபேசிக்காக நின்றாள். இவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், ஒரு கையால் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.