ஒரு கோழிக்கு மருந்து கிடையாது

மல்லசமுத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் வெள்ளியங்கிரி என் தங்கை சண்முகப்பிரியாவின் கணவன். நல்ல உழைப்பாளி, குடி இல்லை, சீட்டு இல்லை என்று ஊரே சொல்லும். எனக்கு மட்டும் கல்யாணத்தன்றே அவனைப் பிடிக்காமல் போனது. இதைப் படிக்கிறவர்கள் அதையும் மனதில் வைத்துக்கொள்ளட்டும். நான் மறைக்கப் போவதில்லை.

அவன் பண்ணைக்குள் சும்மா போய்விட முடியாது. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தீபாவளிச் சீர் கொண்டுபோன என் அப்பாவையே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நிற்க வைத்தவன். கோழிக்கு வந்த மரியாதை மாமனாருக்கு வரவில்லை. ஆனால் தொழிலில் கெட்டிக்காரன்தான். எந்தக் கூண்டில் எந்தக் கோழி தலையைத் தொங்கப் போட்டாலும் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவான். கண்டதும் அந்தக் கோழியைத் தொடமாட்டான். நேராக மேலே ஏறி, அந்த ஷெட்டுக் கோழிகள் மொத்தத்துக்கும் போகிற தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலந்துவிடுவான். கேட்டால், “ஒரு கோழிக்குன்னு மருந்தே கெடையாதுங்க மச்சான். ஷெட்டுக்குத்தான் மருந்து” என்பான். கோழிக்கு அது சரியாகவே இருக்கலாம்.

பிரியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். தீவனத் தூசி பறக்கிற இடத்தில் கட்டிக் கொடுத்தது எங்கள் புத்தி. போன ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி, இருமல். அன்று நான் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். மூவருமாகத் திருச்செங்கோட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்து, இது ஃப்ளூ என்றார்.

அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். திடமாக இருக்கிற ஆளுக்கு இந்தக் காய்ச்சல் தானாகவே போய்விடும். மருந்து சாப்பிட்டால் ஒரு நாள் முன்னால் எழுந்து உட்காரலாம், அவ்வளவுதான். அதற்குக் கூலியாக வாந்தியும் குமட்டலும் வரலாம். அபூர்வமாகச் சிலருக்குப் புத்தி தடுமாறிப் பேச்சு மாறும், அப்படி ஆனால் உடனே கூப்பிடுங்கள் என்றார். அதனால் எல்லோருக்கும் இதை எழுதுவதில்லை. ஆனால் பிரியாவுக்கு இருப்பது நோஞ்சான் நுரையீரல். காய்ச்சல் நெஞ்சில் இறங்கினால் ஆபத்து. அவளுக்கு வாந்தி வந்தாலும் மருந்துதான் நல்லது, அதுவும் காய்ச்சல் வந்த இரண்டு நாளுக்குள் தொடங்க வேண்டும். காலையும் இரவும் ஒவ்வொரு கேப்சூல், ஐந்து நாள், நடுவில் விடக் கூடாது.

வெள்ளியங்கிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். பிறகு, வீட்டில் என் அம்மாவில் தொடங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா என்றான். வேண்டாம், உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் கூட்டி வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். அவன் தலையை ஆட்டினான். தலையாட்டலில் எப்போதும் குறை வைக்கமாட்டான்.

நான் ஊர் திரும்பியதும் அவன் செய்தது இது. முதல் இரண்டு கேப்சூலை மட்டும் பிரியாவுக்கு முழுதாகக் கொடுத்தான். பிறகு ஷெட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து டம்ளரை வரிசையாக வைத்து, கேப்சூலைப் பிரித்துத் தூளைத் தண்ணீரில் கலந்து பந்தி வைத்தான். அவன் அம்மா அத்தாயிக்கு ஒன்று, முட்டை வண்டி டிரைவருக்கு ஒன்று, தீவனம் அரைக்கிறவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஐந்தாவது பிரியாவுக்கு. காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தவள், மருந்தைக் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறார் என்று நம்பிக் குடித்தாள். வேளைக்கு வேளை அப்படியே. அவள் பங்கு ஒரு சிட்டிகை.

காய்ச்சலே இல்லாத அத்தாயி நாள் பூராவும் வாந்தி எடுத்தார். டிரைவர் முட்டை வண்டியைச் சாலையோரம் நிறுத்திக் குனிந்தார். மருந்து வேலை செய்கிறது என்று இவன் சந்தோஷப்பட்டானாம்.

பிரியா எனக்குப் போன் செய்தபோது பேச்சு வரவில்லை. வீசிங் சத்தம் மட்டும் கேட்டது. காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் முகத்தில் ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள். நிமோனியா என்றார்கள். மருந்தைச் சரியாகச் சாப்பிட்டாரா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டபோது, வெள்ளியங்கிரி ஒளிக்காமல், கொஞ்சம் பெருமையாகவே எல்லாவற்றையும் சொன்னான். “முழுசாச் சாப்பிட்டிருந்தாலும் இது வராதுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா யாருக்கு அது வேணுமோ அவங்களுக்குக் குடுக்கல. யாருக்கு வேண்டாமோ அவங்களுக்கு வாந்தியைக் குடுத்திருக்கீங்க” என்றார் டாக்டர்.

வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் என் கையைக்கூடத் தட்டிவிடவில்லை. “ஒன்னையே பாத்துட்டிருந்தா மொத்தமும் போயிருமுங்க மச்சான்” என்றான். அவனுக்குப் புரியவே இல்லை. அந்த நிமிஷம் அவன் செத்தால்கூட அழமாட்டேன் என்று நினைத்தேன். இப்போதும் அதில் மாற்றம் இல்லை.

பிரியா பிழைத்தாள். அவள் எழுந்து நடக்கிற சமயம் இவன் படுத்துவிட்டான். அரைகுறையாகக் குடித்த மருந்து அவனையும் காக்கவில்லை, அதே காய்ச்சல். சர்க்கரை வியாதிக்காரன் என்பதால் திருச்செங்கோட்டு டாக்டரம்மா அவனுக்கும் அதே கேப்சூலை எழுதினார். வாங்கிவந்தது நான்தான். அந்த அட்டையை வாசல் தொட்டியிலேயே போட்டுவிடத் தோன்றியது. எங்கள் வீட்டிலேயே தங்கி உடம்பைத் தேற்றிக்கொள் என்று நான் சொன்னதையும் கேட்காமல் பிரியா அவனிடமே திரும்பி வந்துவிட்டதால், அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அடுப்படிக்குப் போய் ஐந்து டம்ளர் எடுத்து வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வரிசையாக வைத்தாள். இருமிக்கொண்டே ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றினாள். ஒரு கேப்சூலை எடுத்து இரண்டு நுனியையும் பிடித்தாள்.

வெள்ளியங்கிரி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. “ஏம்புள்ள, அது எனக்கு எழுதுனதல்லொ” என்றான்.

“ஆமாங்க” என்றாள் பிரியா. “அன்னைக்கு நீங்க பிரிச்சதும் எனக்கு எழுதுனதுதானுங்க.”

அவன் ஐந்து டம்ளரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் முதல் முறையாக அவனுக்கு ஒன்று புரிந்தது. பிரியா கேப்சூலைப் பிரிக்காமல் முழுதாக அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு டம்ளரை நீட்டினாள். தொண்டையில் இறங்கும்வரை நின்று பார்த்தாள். மீதி நாலு டம்ளர் தண்ணீரையும் வாசலில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

ஒரு வேளைகூட அவள் தவறவிடவில்லை. காலையும் இரவும், அவன் கண்ணெதிரே ஐந்து டம்ளரையும் வரிசையாக வைத்த பிறகுதான் கேப்சூலைக் கையில் கொடுத்தாள்.