பொன்னாயி ‘டக்’ சொல்லும் வரை

“டக்.”

பொன்னாயி நாக்கை மேல்வாயில் ஒட்டிச் சொடுக்குகிறார். மூச்சைப் பிடித்து நின்ற பதினோரு பேரும் அப்போதுதான் தோளைத் தளர்த்துகிறார்கள். படம் எடுத்து அரை நிமிடம் ஆகிவிட்டது. கையிலிருக்கும் புதுக் கேமரா சத்தம் போடாது. அது வந்த புதிதில், ராசிபுரத்து வளைகாப்பு ஒன்றில், எடுத்தது தெரியாமல் சனங்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். பந்தியில் ரசம் ஆறிப்போனது. “ஏனுங்கக்கா, எடுத்தாச்சுங்களா?” என்று கடைசியில் ஒருவர் வாயைத் திறக்காமல் கேட்டார். “அது அப்பவே எடுத்தாச்சு சாமி” என்றார் பொன்னாயி. அன்றிலிருந்து கேமராவுக்குப் பதிலாக அவர் வாய் ‘டக்’ சொல்கிறது.

அந்தக் கேமராவிலேயே ஒரு சத்தம் இருக்கிறது, வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஒரே நாள் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “பல்லி கத்துற மாதிரி இருக்குது. நல்ல காரியத்துல நூறு தடவ பல்லி கத்துனா, எந்தப் பலன்னு பாக்கறது?”

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் பொன்னாயி. வயது ஐம்பத்திரண்டு. கணவர் கண்ணுசாமி ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆல்பம் சேர்க்கிறார். வெளியில் போய்ப் படம் எடுப்பது பொன்னாயி. பெண்பிள்ளைகளின் சீருக்குப் பெண்ணே படம் எடுத்தால் நல்லது என்று ஆரம்பித்தது, இன்று ராசிபுரத்துக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவில் அவர் போகாத கோயில் இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கழுத்தில் ஒரு கேமரா, தோளில் ஒரு கேமராவோடு பஸ்ஸை விட்டு இறங்குவார். கழுத்தில் கிடப்பதன் பெயர் ‘மாமியா’. தோளில் தொங்குவது ‘மருமக’.

மாமியா, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது விற்றது. பார்க்கப் பழைய பிலிம் கேமரா போல இரும்பாகக் கனக்கும். ஆனால் பிலிம் கிடையாது, கார்டுதான். கண் வைத்துப் பார்க்கும் சன்னல் நடுவில் இல்லாமல் இடது மூலையில் இருக்கும். உள்ளே பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்சின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவு. அந்தச் சன்னலில் படத்துக்குள் வருவதைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். கோட்டுக்கு வெளியில் நிற்பவர்களும் தெரிவார்கள். வலது கண் சன்னலில் இருக்கும்போது பொன்னாயியின் இடது கண் சும்மா கிடக்கும். அதைக் கொண்டு எதிரில் இருக்கும் பிள்ளைக்குக் கண்ணடிப்பார். பிள்ளை சிரிக்கும். சில சமயம் பிள்ளையின் சித்தப்பா திரும்பிப் பார்ப்பார். “உங்களுக்கில்லீங்க” என்பார் பொன்னாயி.

இருட்டு வந்தால் மாமியா எடுக்கும் படம் ரவை தூவினாற்போல் இருக்கும். ஐம்பது படத்தில் பேட்டரி படுத்துவிடும். ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கச் சொன்னால் ஓடி முடித்த இடத்தைத்தான் பிடிக்கும். “பத்துத் தடவ கேட்டாத்தான் வாயத் தொறக்கும். தொறந்தா ஒரே சொல்லு, அதுவும் நல்ல சொல்லு.”

மருமக அப்படியில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் வேலை பார்க்கும் நிஜ மருமகள் சௌமியா பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. அகல்விளக்கு வெளிச்சம் போதும் அதற்கு. ஆளின் கண்ணைத் தானே தேடிப் பச்சைக் கட்டம் போட்டுக்கொள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் இருபது படம் எடுக்கும். “கேக்கறதுக்கு முந்தியே பதில் சொல்லிப்போடும். பாதி நேரம் கேள்வி வேறயா இருக்கும்.”

வந்த வருடம் ஆயுத பூஜையில் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மாமியா ஏற்றுக்கொண்டது. மருமகளுக்குப் பின்பக்கத் திரை கறுத்துவிட்டது. என்ன அமுக்கியும் விடியவில்லை. ஆத்தாளுக்கு என்ன குறை வைத்தோமோ என்று பொன்னாயி ஒரு வேளை பட்டினி கிடந்தார். மறுநாள் சௌமியா வந்து, கண் வைக்கிற துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த பொட்டைக் கைக்குட்டையால் துடைத்தாள், திரை வந்துவிட்டது. முகம் பக்கத்தில் வந்ததும் திரையை அணைக்கும் சில்லு அங்கேதான் இருக்கிறது. பொட்டை அது முகம் என்று நினைத்துக்கொண்டது. அப்போதிருந்து மருமகளுக்குப் பொட்டு அடிவயிற்றில்.

பொன்னாயிக்கு இன்னொரு வழக்கம். சன்னதிக்கு எதிரில் உட்காருகிறவர்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால், அவர் சாமிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். “முதுகக் காட்டறேன், கோவிச்சுக்காத தாயி” என்று முன்னாலேயே சொல்லிக்கொள்வார். முடிந்த கையோடு திரும்பி ஒரு கும்பிடு. மூலவரைப் படம் எடுப்பதில்லை.

போன வைகாசியில் குமாரபாளையத்துத் தறிக்காரர் தனசேகரின் மகள் இலக்கியாவுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பந்தல் முகப்பில் பேனர். அதில் இருபத்து மூன்று முகங்கள்: அப்பன், அம்மா, பங்காளிகள், தறிப்பட்டறைக் கூட்டாளிகள், தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும். தாய்மாமன் சின்னண்ணன் மட்டும் இல்லை. திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் வண்டி வைத்திருப்பவர். ஒரிசாவில் போட்டுக்கொண்டிருந்த போரை ஆட்களிடம் விட்டுவிட்டு இதற்கென்றே வந்திருந்தார். சீர்த்தட்டோடு பேனர் முன்னால் நின்றவர் இருபத்து மூன்று முகத்தையும் ஒவ்வொன்றாக எண்ணினார். “படம் அனுப்பச் சொன்னேன், அனுப்புல” என்றார் தனசேகர். “மடிய மட்டும் கேட்டு வாங்கத் தெரியுது” என்றார் சின்னண்ணன்.

மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. தங்கை மலர்விழி கெஞ்சி அண்ணனை உட்கார வைத்தாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை மடிக்கு வந்தது. பொன்னாயி சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மருமகளைத் தூக்கினார். பச்சைக் கட்டம் கிளம்பியது. சின்னண்ணனைத் தாண்டிப் பின்னாலிருந்த பேனருக்குப் போய், தனசேகரின் அச்சடித்த முகத்தில் உட்கார்ந்தது. இழுத்து வந்தால் தண்ணீர் கேன்காரர் மேல் உட்கார்ந்தது. தோளுக்குப் பின்னாலிருந்து திரையை எட்டிப் பார்த்த தனசேகருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“மிசினுக்கே மச்சானத் தெரியலீங்களே.”

சின்னண்ணன் எழுந்தார். பிள்ளையைத் தங்கை கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புங்கமரத்தடியில் நின்ற தன் ஜீப்புக்கு நடந்தார். மணி பத்து.

மலர்விழி புருசனைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் இரண்டடி பின்வாங்கினார். காது குத்தும் ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வெற்றிலையை எடுத்தார். பொன்னாயி மலர்விழியின் காதில் ஏதோ சொன்னார். பிள்ளையை வாங்கித் தனசேகரின் கையில் திணித்தார். பிறகு கழுத்திலிருந்த மாமியாவைக் கழற்றிக்கொண்டு ஜீப்பை நோக்கிப் போனார்.

“தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. எனக்குக் கண்ணுல தூசி உழுந்துருச்சு. வளையம் இறுகுதான்னு தெரியோணும்.”

“சமாதானம் பேச வந்தீங்களாக்கா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் படக்காரி.”

இயந்திரம் என்றால் கை நீட்டுகிற ஆள் சின்னண்ணன். வாங்கினார். எடை பார்த்தார். சன்னலில் கண் வைத்தார்.

“பந்தலப் பாருங்க. நடுக் கட்டத்துல யாரு?”

“மாப்பிள்ளைதான். ரெண்டாத் தெரியறாரு. ஒருத்தரே தாங்க முடியல, இதுல ரெண்டா.”

“வளையத்தத் திருப்புங்க. ஒண்ணாகும்.”

திருப்பினார். இரண்டு தனசேகரும் தள்ளாடி வந்து ஒருவரானார்கள். அந்த ஒருவரின் மீசையை இலக்கியா இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். “புள்ளயப் புடிக்கிறானா, மூட்டையப் புடிக்கிறானா” என்று சின்னண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமுக்கினார். மாமியா தன் சொந்தக் குரலில் ‘டக்’ என்றது.

ஆனால் சின்னண்ணன் கண்ணை எடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியில், பந்தல் காலுக்குப் பக்கத்தில், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவர் கோட்டுக்கு உள்ளே இருந்ததை விட வெளியில் இருந்ததை அதிக நேரம் பார்த்தார். பிறகு கேமராவைப் பொன்னாயியிடம் கொடுத்தார். “வளையம் நல்லாத்தான் இருக்குதுங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு நடந்தார்.

பின்னாலேயே வந்த பொன்னாயி, மலர்விழியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: “சும்மா முந்தானைய வெச்சுட்டு நில்லுன்னுதான அம்மிணி சொன்னேன்?”

“நெசமாவே வந்துருச்சுங்கக்கா.”

மணி பத்தே கால். இந்தத் தடவை பொன்னாயி ஏமாறவில்லை. பந்தலில் விரிக்க யாரோ வைத்திருந்த சமுக்காளத்தை எடுத்தார். “தனசேகரு, இதப் புடிங்க. பேனர் தெரியப்படாது. கையி நல்லா மேல.” தனசேகர் மாமனுக்குப் பின்னால் இரண்டு கையையும் தூக்கிச் சமுக்காளத்தை விரித்து நின்றார். வாயும் தலையும் அதற்குப் பின்னால் போய்விட்டன. இருபத்து மூன்று முகமும் மறைந்தன. பச்சைக் கட்டம் வேறு போக்கிடம் இல்லாமல் சின்னண்ணனின் கண்ணில் வந்து உட்கார்ந்தது.

ஊசி இறங்கியது. இலக்கியா வீறிட்டாள். சின்னண்ணனின் தாடை ஒரு நடுக்கம் நடுங்கியது. அந்த நடுக்கத்தை மாமியா பிடித்திருக்காது. மருமக இருபது தரம் பிடித்தது.

“இன்னம் ஒண்ணு” என்றார் பொன்னாயி. “தனசேகரு, கீழ வெச்சுட்டு முன்னால வாங்க. மச்சான் பக்கத்துல. இன்னங் கிட்ட. கையத் தோள்மேல வெய்யுங்க, சுடாது.”

தனசேகர் பார்த்தார். சின்னண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மெதுவாகப் போய்த் தோளில் உட்கார்ந்தது. தோள் அதைத் தள்ளவில்லை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

பொன்னாயியின் விரல் அமுங்கி எழுந்தது. படம் விழுந்தாகிவிட்டது. அவர் கேமராவைத் தோளில் மாட்டினார். திரும்பினார். இருவருக்கும் முதுகைக் காட்டிச் சன்னதியைப் பார்த்துக் கைகூப்பி, கண்ணை மூடி நின்றார். பின்னால் தோளும் கையும் அப்படியே இருந்தன. ஆசாரி கூட வெற்றிலை மெல்லாமல் காத்திருந்தார். முழுசாக ஒரு வேண்டுதல் முடிகிற நேரம் வரை நின்றுவிட்டு, கூப்பிய கையைப் பிரிக்காமல் பொன்னாயி சொன்னார்:

“டக்.”