வில்டா க்ரோனின் பின்னல்

லியோட்டாவுக்குக் கதை கட்ட வராது. முடி வெட்டத்தான் வரும். அவளுக்கு நடந்ததை அவள் வாயால் கேட்டபடியே சொல்கிறேன். என் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

1924. இண்டியானாவில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். போரில் புருஷனைப் பறிகொடுத்த லியோட்டா, மே மாதம் அங்கே வந்து ஒரு முடிவெட்டும் கடையை வாடகைக்குப் பிடித்தாள். முன்பு இருந்தவர் கத்தரி, சீப்பைக்கூட எடுக்காமல் ஊரைவிட்டுப் போயிருந்தார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மலிவாகக் கிடைத்ததே என்று அவளும் கேட்கவில்லை.

காலமும் கைகொடுத்தது. காலுறையை முழங்காலுக்குக் கீழே சுருட்டிவிட்டு, உதட்டில் சாயம் பூசி, கூந்தலைக் காதுவரை வெட்டிக்கொள்ளப் பெண்கள் துடித்த காலம் அது. சனிக்கிழமை நடனத்துக்கு முன்னால் கடையில் இடம் இருக்காது.

ஜூலையில் அப்படியொரு சனிக்கிழமை. நல்ல மழை.

"இன்னும் ஏத்தி வெட்டுங்கக்கா. பின்கழுத்து தெரியணும்" என்றாள் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் டெசா.

"உங்கப்பா சும்மா இருப்பாரா?"

"ரெண்டு நாள் கத்துவாரு. அப்புறம் அவரே பக்கத்து வீட்ல போய்ப் பெருமை பேசுவாரு. எங்கப்பா என்ன க்ரோனா?"

சொன்னவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"க்ரோன் யாரு?"

"மாவு மில்லுக்காரரு. சர்ச்சுல பெரிய ஆளு. விடுங்கக்கா, நேரமாச்சு."

எல்லாரும் போய்விட்டார்கள். லியோட்டா தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக் கூட்டினாள். கதவில் ஒரு மணி உண்டு. யார் வந்தாலும் கிணுகிணுக்கும். அன்று கிணுகிணுக்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"கடை மூடுற நேரமாச்சேம்மா."

"வெட்டிடுங்க." தொண்டை கட்டியது போன்ற குரல்.

"எவ்வளவு?"

"காது வரைக்கும். இருந்த மாதிரியே."

இருந்த மாதிரியா? பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்குகிறதே... வெளியே மழை கொட்டுகிறது. இவள் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை.

துணியைப் போர்த்தக் குனிந்தாள். கழுத்துவரை மூடிய கறுப்பு உடை. ஆனால் முதுகுப் பக்கம்... துணியே இல்லை. முன்பக்கம் மட்டும்தான். பின்னால் இரண்டு நாடாக்கள்.

வசதியில்லாத பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைக்க முடிந்தது.

கழுத்தில் விரல் பட்டது. கல்லைத் தொட்ட மாதிரி ஒரு சில்லிப்பு.

பின்னலைத் தூக்கினாள். கத்தரியை வைத்தாள். கை நின்றுவிட்டது.

அடியில் முடி ஏற்கெனவே குட்டை. பின்னலை அதன் மேல் தைத்திருந்தார்கள். தோலோடு சேர்த்து. மெழுகு பூசிய தடித்த நூலால்.

"யாரும்மா... இப்படிப் பண்ணது?"

"அப்பா தைக்கச் சொன்னாரு."

"வலிக்கலையா?"

"அவுத்து விடுங்க."

டிக்... ஒரு தையல்.

டிக்... இன்னொன்று.

அவள் மூச்சு விடும் சத்தமே இல்லை.

டிக்...

தொப்.

பின்னல் தரையில்.

"அப்பாடா..."

போர்த்திய துணி மெல்ல... மெல்ல... நாற்காலியில் படிந்தது.

உள்ளே யாரும் இல்லை.

ஞாயிறு முழுக்க லியோட்டா கடைப்பக்கமே போகவில்லை. திங்கட்கிழமை காலை சவரத்துக்கு ப்ரூட் வந்தார். ஊரில் சவப்பெட்டி செய்து அடக்கம் நடத்திவைப்பவர். லியோட்டா எடுத்து அலமாரியில் போட்டிருந்த பின்னலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"உங்ககிட்டயும் வந்துட்டாளா..."

"யாரு அது?"

"வில்டா. க்ரோனோட மக. குளிர்காலத்துல இதே நாற்காலியிலதான் முடிய வெட்டிக்கிட்டா. வளர்ற வரைக்கும் வெளிய வரக்கூடாதுன்னு அப்பன் மச்சுல போட்டுப் பூட்டிட்டான். காய்ச்சல் கண்டுச்சு. டாக்டரக் கூப்பிடல. வந்தா தலையப் பாத்துருவாருல்ல."

லியோட்டா நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"செத்தப்புறம், பொணத்துக்குப் போடுற முதுகில்லாத உடுப்ப நான் மாட்டிவிடறப்போ, அவ வெட்டிப்போட்ட பின்னலக் காகிதத்துல சுத்திக் கொண்டாந்தான். ஆண்டவன் முன்னாடி அடக்கமா போய் நிக்கட்டும், தைன்னான். தைச்சேன். ஏப்ரல்ல இங்க இருந்தவருகிட்டயும் வந்தா. அவரு இதே பின்னலத் தூக்கிட்டு எங்கிட்ட ஓடியாந்தாரு. மறுநாளே ஊரவிட்டுப் போயிட்டாரு. க்ரோன் குழியத் தோண்ட வச்சான். மறுபடியும் தைச்சேன். மெழுகு நூல் போட்டு."

"முடியாதுன்னு சொல்றதுக்கென்ன?"

"அந்தாளுகிட்ட இந்த ஊர்ல யாரும்மா சொல்லியிருக்கா? குடுங்க அத."

லியோட்டா பின்னலை எடுத்தாள். வெந்நீர் அடுப்பைத் திறந்து உள்ளே போட்டாள்.

முடி கருகும் நாற்றம் தெருவரை போனது. எதிர்ச் சாரியில்தான் மில். மாவு படிந்த சட்டையோடு க்ரோன் உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார். ப்ரூட்டைப் பார்த்தார். எப்படி, என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"முடிக்கா பஞ்சம்? கண்டவளும் வெட்டிப் போட்டத நகரத்துல கடை கடையா விக்கிறான்."

"அவ நீங்க பெத்த மகதானே ஐயா?" என்றாள் லியோட்டா.

"அதனாலதான்."

அந்த வாரமே நகரத்திலிருந்து ஒரு பின்னல் வந்தது. வில்டாவுடையது கறுப்பு. இது பழுப்பு. எங்கேயோ எவளோ ஒருத்தி ஆசைஆசையாக வெட்டிக்கொண்டது.

லியோட்டா கடையைக் காலி செய்தாள். ரயிலடியில் ப்ரூட் அவளைத் தேடி வந்தார். ஒரே வாரத்தில் பத்து வயது கூடிய மாதிரி இருந்தார்.

"தைச்சீங்களா?"

"பெட்டியத் திறந்தோம். ஊசிய எடுத்தேன்..."

வண்டி ஊதியது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அவ தலையத் திருப்பிக்கிட்டாம்மா."

"அவரு... க்ரோனும் பாத்தாரா?"

"பாத்தான். ரெண்டு கையாலயும் தலைய அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, ம், தைன்னான்."