இன்னும் முடிவு பண்ணலை

என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் லிஃப்ட்காரர். ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் முப்பத்தொரு வருடம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் "எத்தனாவது மாடி?" என்று கேட்டவர். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. மனைவி போன பிறகு, மாதம் ஒருமுறை வெளிநாட்டு மகள் மட்டும் கூப்பிடுவாள்.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டேம்மா."

அத்தோடு சரி.

அப்பேர்ப்பட்டவரை ஒரு சனிக்கிழமை நான்கு மணிக்கு யாரோ ஒரு பெண் கூப்பிட்டு, "சார், உங்க கருத்து என்ன?" என்று கேட்டால் தலைகால் புரியுமா? கவுன்சிலர் தேர்தலுக்குக் கருத்துக்கணிப்பு. தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, தெருவிளக்கு எரிகிறதா, யாருக்கு உங்கள் ஓட்டு என்று இருபது நிமிடம். எங்கள் கட்டடத்தில் சுவர் பேருக்குத்தான் சுவர். அவர் பேசியது பூராவும் எனக்குக் கேட்டது. கடைசியில், "இன்னும் முடிவு பண்ணலைம்மா" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் அதே நான்கு மணி, அதே பதில். மூன்றாவது வாரம் அவர் வாசல் கதவு திறந்திருந்தது; மனிதர் முகச்சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஃபோனில் சட்டை தெரியுமா என்று எனக்குச் சிரிப்பு. அன்றைக்கும் அவர் முடிவு பண்ணவில்லை.

மறுநாள் மாடிப்படியில் அவரைப் பார்த்தபோது என் கையில் அந்தக் கருத்துக்கணிப்பு வந்த பேப்பர் இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"பாத்தீங்களா? நர்சம்மாவுக்கு நூத்துக்கு ரெண்டு பேர்தானாம். அவங்களுக்குப் போடலாம்னுதான் இருந்தேன். தோக்கறவங்களுக்குப் போட்டு எதுக்கு ஓட்டை வீணாக்கணும்? என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்றா."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சுயேச்சையாக நின்ற அந்த நர்சம்மா, அவர் மனைவியின் கடைசி வாரத்தில் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து தலைவாரி விட்டவர்.

"நான் அவங்களுக்குத்தாங்க. முதல் நாளே அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு, முடிவு பண்ணாதவங்களை மட்டும் அடுத்த சனிக்கிழமை திரும்பக் கூப்பிடுவோம்னுச்சு."

அவர் என் கையிலிருந்த பேப்பரை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முடிவு பண்ணாதவங்க நூத்துக்கு முப்பதுன்னு போட்டிருக்கு. என்னை மாதிரி எத்தனை பேர் தனியா உக்காந்திருக்காங்களோ!"

சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

"ஒரு ஆள் சொல்லாததால என்ன ஆயிடப்போகுது, விடுங்க."

"நீங்களே மாறிட்டீங்களே" என்றார்.

நான்காவது சனிக்கிழமை ஃபோன் மணி அடித்தது. நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் அவர் வழக்கத்தைவிட நீட்டி நீட்டிப் பதில் சொன்னார். தெருமுனையில் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிவதைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம்.

"நர்சம்மாவுக்குத்தாம்மா. முதல்லேருந்தே அவங்களுக்குத்தான். எழுதிக்கோ."

அந்தப் பக்கம் அவள் ஏதோ சொல்லியிருப்பாள்.

"ஓ... சரிம்மா. இனிமே கூப்பிட வேண்டியதில்லைல்ல. சரி, சரி. நீ நல்லா இரும்மா."

அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்கு அங்கே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் ஃபோனுக்குப் பக்கத்தில்தான் போட்டிருப்பார். நான்கேகால் ஆயிற்று, நான்கரை ஆயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. நாமாவது கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்போம், அந்த விளக்கைப் பற்றியாவது கேட்போம் என்று செல்ஃபோனை எடுத்தேன்.

பதினோரு வருடமாக ஒரே சுவர். அவருடைய நம்பர் என்னிடம் இல்லை.