செல்லி ரெண்டு கரண்டி

என் நாத்தனார் மகன் மாது ஏரியூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். கறி வறுத்த சட்டியில் ஒட்டியதை வெந்நீர் விட்டுச் சுரண்டி, மிளகு தட்டிப் போட்டுச் சாறாக்கியது அவன் பெண்சாதி செல்லி. சாப்பிட வந்தவர்கள் சாற்றுக்கும் அவள் பேரையே வைத்துவிட்டார்கள்.

"அண்ணே, செல்லி ரெண்டு கரண்டி ஊத்துங்க."

"ஏம்ப்பா, என் பொண்டாட்டியவா ஊத்தச் சொல்றே?" என்பான் மாது.

போன தையில் செல்லி காமாலையில் போய்விட்டாள். காரியம் முடிந்து கடை திறந்தவன், அந்தப் பேரைக் கேட்கத் தாங்காமல், விலைப் பலகையில் அதை அழித்து 'கறிச்சாறு' என்று எழுதினான். சனமும் இரக்கப்பட்டு அப்படியே கேட்டது. அப்புறம் அவள் பேரைச் சொல்ல அங்கே ஆளே இல்லை. கேட்டதைவிட இது அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஒருநாள் சேதி தெரியாத லாரிக்காரர் வந்து, "செல்லி இருக்குதுங்களா?" என்றார்.

மாது சட்டியைப் பார்த்தபடியே, "இருக்குதுங்க, உக்காருங்க" என்றான்.